அஸ்தமிக்காத கார்

நாச்சிமுத்துவின் காரில் சூரியன் என்ஜினில் உதித்து ரேடியேட்டரில் மறையும். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் ரேடியேட்டருக்குள் கடல் இருந்தது. பின்னால் வந்த வண்டிகளில் குளம்தான் வைக்கிறார்கள். அதற்கும் பிளாஸ்டிக் கரை.

சிவப்பு கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. சிங்காநல்லூரில் அவர்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் அது நிற்கும்போது வால் நிழலிலும் மூக்கு வெயிலிலும் இருக்கும். நாச்சிமுத்து மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு நடக்கும்படி டாக்டர் சொன்னதிலிருந்து, சாயங்காலமானால் காரை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, செருப்பை பம்பரின் மேல் ஜோடியாக வைத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கடற்கரைக்கு இறங்குவார். மூடியை உள்ளேயிருந்து சாத்திக்கொள்வார். தெருவில் நடந்தால் நாய்கள் விரட்டுகின்றன என்பது அவர் சொல்லும் காரணம்.

இறங்கும்போது தினமும் ஒரே பேச்சுதான். "மயிலு, விளக்கு வெச்சதும் வந்தர்றேன்."

மனைவி மயிலாத்தாள் தலையை மட்டும் ஆட்டுவாள். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. புருஷன் தனியாக நடக்கிற இடத்தை எட்டிப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே பொழுது சாயச் சாய, காரின் சூடு காட்டும் முள்ளும் இடப்பக்கமாகச் சரியும். அதே நேரத்தில் வீட்டில் அவள் விளக்கேற்றுவாள். அவர் ஈரக்காலோடு மேலே வருவார். வேட்டிக் கரையிலிருந்து உதிரும் மணலைக் கூட்டி அவள் தென்னை மரத்தடியில் போடுவாள்.

ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை.

தெருவிளக்கு எரிந்தது. வீட்டில் விளக்கு வைத்தாயிற்று. செருப்பு மட்டும் பம்பரின் மேல் இருந்தது. மயிலாத்தாள் போய் முள்ளைப் பார்த்தாள். அது வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தாள். என்ஜின் நின்றது, சூரியன் மறையவில்லை. முள்ளும் ஓரத்தை விட்டு அசையவில்லை. என்ஜின் ஓடினால் உள்ளே அலையாவது அடிக்கட்டும் என்று மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, அவர் சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடி வைத்தாள். விடியும்வரை பானெட்டின் இடுக்குகள் வழியாக உச்சி வெயில் போர்ட்டிகோ கூரையில் கோடுகோடாக விழுந்து கிடந்தது.

காலையில் எதிர்வீட்டு ரங்கநாயகி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். "என்ன மயிலு, உங்கூட்டுக்காரர் இன்னுமா கடல்ல இருக்கறாரு?"

"ஆமாங்க்கா. அங்க இன்னும் பொழுது சாயல."

"வரும்போது நல்ல சங்கரா மீனாப் பாத்து வாங்கிட்டு வரச் சொல்லு. நம்மூர்ல கெடைக்கறதெல்லாம் ஐஸ்ல படுத்துக் கெடந்த மீனு."

"சொல்றேங்க்கா" என்றாள் மயிலாத்தாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

ஒண்டிப்புதூரில் ஷெட் வைத்திருக்கும் ஃபெலிக்ஸுக்கு ஆள் அனுப்பினாள். அவன் பழைய வண்டிகள் பார்க்கிறவன். போன மாதம் சூலூரில் ஒரு டிராக்டருக்குள் நிற்காமல் பெய்த மழையை நிறுத்திக் கொடுத்திருந்தான். வந்ததும் டிக்கியைத் திறந்து கருவிப் பையை வைத்தான். பானெட்டைத் தூக்கினான். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டான்.

"அண்ணன் எப்ப இறங்குனாரு?"

"நேத்து சாயங்காலம், தம்பி."

அவன் என்ஜினை அணைத்துவிட்டு முதலில் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. "காத்து இருக்கு" என்றான். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஆயில் கறுப்பாக இருந்தது, பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கவில்லை. "ஹெட் கேஸ்கட்டும் போகல. வானத்துல ஓட்டை இல்லைங்க்கா." பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தான். கீழ் ஹோஸைப் பிடித்தான். கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"இதைத் தொட்டுப் பாருங்க."

அவள் தொட்டாள். மண்பானை அடிபோல் சில்லென்று இருந்தது.

"மேல கொதிக்குது, கீழ குளிருது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு. அது மேற்குக் கதவு மாதிரி. அது மூடிக் கெடக்கறதால சூரியன் உச்சியிலயே நிக்குது. கதவு தொறந்தாத்தானே கடல்ல இறங்கும்?"

ரங்கநாயகி ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றாள். "இதை மேல ஊத்துனா ஆறாதா?"

"ஊத்திராதீங்கம்மா. இந்தச் சூட்டுல பச்சத்தண்ணி பட்டா என்ஜின் பிளாக் விண்டுரும். அப்புறம் அந்த வானத்தை வெல்டிங் வெக்கறதுக்கு இந்த ஜில்லாவுல ஆள் இல்ல."

"அப்ப அந்தக் கதவைக் கழட்டி எறிஞ்சுரு. எங்க கார்ல அப்படித்தான் பண்ணுனாங்க."

"உங்களுது குளம்மா. இது கடல். கதவே இல்லைன்னா சூரியன் ஒரே அடியா விழும். கரையில அண்ணன் நிக்கறாரு."

ரங்கநாயகி குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

ஈரச்சாக்கை மூடியின் மேல் போட்டு ஃபெலிக்ஸ் ஒரு திருகு மட்டும் திருகினான். சீறிக்கொண்டு ஆவி வந்தது. உப்பு வாசனை போர்ட்டிகோ முழுக்க நிறைந்தது. "கூப்புடுங்க்கா" என்றான்.

மயிலாத்தாள் தெருவுக்குக் கேட்கும்படி புருஷனைக் கூப்பிட்டதே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ஏனுங்க."

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. தொலைவிலிருந்து வந்தாலும் பதற்றமில்லாத குரல். "யாரு, மயிலுவா?"

"மேல வாங்க. சோறு ஆறிப்போச்சு. ரங்கநாயகிக்காவுக்கு நல்ல சங்கரா மீன் வேணுமாம்."

"வர்றேன், வர்றேன். விளக்கு வெக்கட்டும்."

"நேத்தே வெச்சாச்சுங்க."

"வெச்சிருந்தா இங்க பொழுது சாஞ்சிருக்குமே. உச்சி வெயில் நின்ன எடத்துலயே நிக்குது."

ஃபெலிக்ஸ் குனிந்தான். "அண்ணா, கடல் எங்க இருக்குதுங்க?"

"நான் இறங்குனப்பக் காலை நனைச்சுட்டு இருந்துச்சு தம்பி. இப்பக் கண்ணுக்கெட்டுன தூரம் போயிருச்சு. படகெல்லாம் தரை தட்டி நிக்குது. மணலு காலைப் பொசுக்குது."

மயிலாத்தாள் பம்பரின் மேலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

ஃபெலிக்ஸ் அவளைத் தள்ளி அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னான். "தண்ணி ஆவியாப் போயிட்டே இருக்குதுங்க்கா. கடல் வத்திட்டா அண்ணன் மேல வர வழியில்ல. தண்ணி தூக்கிவிட்டாத்தான் மூடி எட்டும். மத்தியானம் வரைக்கும் தாங்குனாப் பெருசு."

"அவர் இப்பவே கெளம்பி வந்துட்டா?"

"தண்ணி இருக்கற எடத்துக்கு நடந்துட்டா ஏறி வந்துரலாம். வரணுமே."

வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மில்லில் சங்கு ஊதாமல் அவர் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்து எல்லாரும் ஓடிவந்த அன்றைக்கும், சங்கு ஊதட்டும் என்று உள்ளேயே நின்றவர். விளக்கு வைத்ததும் வருகிறேன் என்று சொன்னவர், விளக்கு வைத்தால்தான் வருவார்.

அவள் உள்ளே போய்க் காமாட்சி விளக்கை ஏற்றி எடுத்து வந்து மூடியருகில் பிடித்தாள். "தெரியுதுங்களா?"

"என்ன தெரியணும்?"

உள்ளேயிருந்து வந்த கடற்காற்றில் சுடர் அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. மூடிக்கு வெளியே எரிவது வீட்டு விளக்கு. அது வீட்டுக்குத்தான் விளக்கு. அவர் இருப்பது வண்டியில்.

அவள் வண்டியைப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் தூசி படிந்த இரண்டு வட்டக் கண்ணாடிகள் இருந்தன. நாச்சிமுத்து இருட்டில் கார் ஓட்டாதவர். அதனால் அவை எரிந்து அவள் பார்த்ததில்லை.

"தம்பி, இதுவும் விளக்குத்தானே?"

ஃபெலிக்ஸ் ஒரு கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான். "லைட்டு, லைட்டுன்னே சொல்லிப் பழகிட்டோம்க்கா. விளக்குன்னு யாரும் சொன்னதில்ல."

மயிலாத்தாள் கண்ணாடிகளைத் துடைத்தாள். முகம், கைகால் கழுவி, தலையை முடிந்து, பொட்டு வைத்துக்கொண்டாள். விளக்கு வைக்கும்போது கொல்லைக் கதவு திறந்திருக்கக் கூடாது. போய்ச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு காரின் டிக்கியையும் சாத்தினாள். ஓட்டுகிறவர் இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்து, ஃபெலிக்ஸ் காட்டிய குமிழை இழுத்தாள்.

காம்பவுண்டுச் சுவரில், அந்தக் காலை வெயிலிலும் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் என்ஜினுக்குள் எங்கேயோ தாழ்ப்பாள் விலகுகிற மாதிரி 'டக்' என்றது. ஃபெலிக்ஸ் கீழ் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சூடு வருதுங்க்கா" என்றான். "மெதுவா வருது."

முள் ஓரத்தை விட்டு நகர்ந்தது. சீறல் அடங்கியதும் அவன் சாக்கை எடுத்துவிட்டு மூடியை முழுதாகத் திறந்தான். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான்.

மயிலாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

வானம் கீழே இருந்தது. அது இவ்வளவு அகலமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சூரியன் ஆறு ஊர்களை மூடக்கூடிய தாம்பாளம்போல் சிவந்து, அவசரமில்லாமல் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பித்தளைக் குழாய்கள் பனைமரங்களாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கீற்றுக் கடல் பற்றி எரிந்தது. போன தண்ணீர் திரும்பி வந்தது. சாய்ந்து கிடந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. கரையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் ஒருவர் வேப்பங்கொட்டை அளவில் நின்று, அண்ணாந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இந்த மணலைத்தான் அவள் விளக்குமாற்றால் கூட்டித் தென்னைக்குப் போட்டாள். கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் ரங்கநாயகியின் மூச்சுச் சத்தம் கேட்டது. அவள் இடுப்பில் குடம் இன்னும் இருந்தது.

சூரியனின் கடைசி விளிம்பு முழுகியதும் தண்ணீர் உயர்ந்து, நாச்சிமுத்துவை மூடிவரைக்கும் கொண்டுவந்து விட்டது. அவர் கையை ஊன்றி ஏறி, பம்பரில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார். உள்ளங்கால் சிவந்திருந்தது.

"விளக்கு ரெண்டா வெச்சுட்டியாட்ட இருக்கு" என்றார்.

"ஒண்ணு வெச்சப்ப நீங்க வரலீங்களே."

ஃபெலிக்ஸ் காரின் விளக்கை அணைக்கப் போனான். நாச்சிமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். "இருக்கட்டும் தம்பி. படகெல்லாம் இதைப் பாத்துத்தான் கரை பிடிக்குது."

"பேட்டரி இறங்கிரும்ணா."

"இறங்கட்டும். எல்லாரும் வந்து சேரட்டும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ரேடியேட்டரிலிருந்து ஒரு கூடை மேலே வந்தது. கூடைக்குக் கீழே ஒரு பெண் வந்தாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, பம்பரில் கூடையை இறக்கி, சேலையின் ஈரத்தைப் பிழிந்தாள்.

"இங்க ரங்கநாயகிங்கறது யாருங்க்கா? சங்கரா கேட்டாங்களாமே."

ரங்கநாயகி குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

மயிலாத்தாள் அரிவாள்மணை எடுத்துவர உள்ளே போனாள்.