இருபது தப்படி

கண்ணுசாமியைச் சோம்பேறி என்று எரியோட்டுப் பக்கம் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கோழி கூப்பிடுவதற்கு முன்னாலேயே மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டுகிற ஆள். ஆனால் மருந்து டப்பாவைக் கழுவுகிற விஷயத்தில் மனுசன் சோம்பேறிதான். இதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

அறுபத்திமூணாம் வருசம் கத்திரிச் செடியில் புழு விழுந்தது. விவசாயம் சொல்லிக்கொடுக்க சர்க்கார் அனுப்பின கிராமசேவக் பூச்சி மருந்தும், அதை அடிக்கிற டப்பாவும் கொண்டுவந்து கொடுத்தார். "கிணத்தடியில மட்டும் இதைக் கழுவிராதீங்க. ஒரு குடம் தண்ணியை இருபது தப்படி தள்ளித் தூக்கிட்டுப் போங்க. ஒரு குழி வெட்டி அதுல கழுவி, மேல மண்ணைத் தள்ளுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். ரெண்டு வாரம் அப்படித்தான் நடந்தது. மூணாம் வாரம் இடுப்பு வலித்தது, கிணற்றை ஒட்டின தொட்டி ஓரத்திலேயே கழுவினார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அதுவே பழக்கமாகிப் போனது.

"ஏங்க, செத்த தள்ளிப் போய்க் கழுவுனா காலு தேஞ்சா போயிரும்?" என்று அவர் சம்சாரம் ஜக்கம்மாள் கேட்காத நாளில்லை.

"போடி. அம்புட்டுத் தண்ணியில இம்புட்டு மருந்து என்ன பண்ணிரும்?"

அந்தக் கிணறு அவருக்கு மட்டும் சொந்தமுமில்லை. பங்குக் கிணறு. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் சித்தப்பா மகன் பேச்சிமுத்து முறை. தெருக்கிணறு ஒரே உப்பு என்பதால் ஊர்ப் பொம்பளைகள் குடிதண்ணீருக்கு இங்கேதான் குடத்தோடு வருவார்கள். தண்ணீரில் புழு வைக்கக் கூடாதே என்று பேச்சிமுத்து ஆத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப்போய் கெண்டைக் குஞ்சு பிடித்து வந்து விட்டிருந்தான். குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்க, வழியெல்லாம் குடத்துத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே வந்தவன் அவன்.

பங்குனி மாதம், தண்ணீர் அடியில் கிடந்த நேரம். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அத்தனை கெண்டையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. குடத்தோடு வந்தவர்கள் அலறியடித்துத் திரும்பினார்கள். கண்ணுசாமி நேரே தொட்டியடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் டப்பாவில் மிச்சமிருந்த மருந்தைத் தொட்டி ஓரத்தில் கவிழ்த்தது அவர்தானே? பக்கத்துக் கல்லில் இருந்த வெடிப்பு வழியாக அது நேரே கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் நாலு பேர் நாலு வார்த்தை ஏசியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். ஆனால் ஜக்கம்மாளின் அண்ணன் சுருளிவேல் முந்திக்கொண்டான். "மச்சான், இது பேச்சிமுத்து வேலைதான். நாலு நாளைக்கு முன்னாடி முறைத் தண்ணிக்கு உங்களோட மல்லுக்கு நின்னான்ல? இந்தக் கிணறு நாசமாப் போகட்டும்னு அவன் சொன்னது ஊருக்கே கேட்டுச்சே."

கண்ணுசாமி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஊர் கூடியது. கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று பேசி முடித்தார்கள். பேச்சிமுத்து ஈர வேட்டியோடு வந்து நின்றான். சூடத்தை ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற காரியம்தான். ஆனால் அவன் கையைத் தூக்காமல் கண்ணுசாமியையே பார்த்துக்கொண்டு நின்றான். சூடம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. கண்ணுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடிக்கிற தண்ணீரில் விஷம் ஊற்றினவன் என்று பொம்பளைகள் காறித் துப்புவார்களே என்கிற பயம்.

"என்னப்பா யோசிக்கிற? அணை" என்றார் நாட்டாமை.

அணைத்தான். "நான் செய்யல" என்றான். ஆனால் ஊர் வாயை யாரால் மூட முடியும்? மடியில் கனமில்லாதவன் எதுக்கு அம்புட்டு நேரம் தயங்குனான் என்று அன்றைக்கே பேச ஆரம்பித்தது. பேச்சிமுத்து வந்தால் டீக்கடையில் பேச்சு நிற்கும். அவன் பெண்டாட்டி பேச்சாயி தெருவில் நடந்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிறுமலைக்குப் போனார்கள், வாழைத் தோட்டத்துக்குக் காவலாக.

கண்ணுசாமி மூணு நாள் மாடு கட்டி இறைத்துக் கிணற்றைச் சுத்தம் பண்ணினார். வெடிப்பை அடைத்தார். அன்றிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக் காட்டு மூலைக்குப் போய்த்தான் கழுவினார். ஜக்கம்மாள் அதற்குக் குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்தாள். பேச்சிமுத்து முறை நாளில் அவர் கமலை பூட்டுவதில்லை. கத்திரி காய்ந்தாலும் சரி, அன்றைக்குக் கிணறு சும்மாதான் கிடந்தது.

ரெண்டு வருசம் கழித்து ஒரு நாள் காலையில் சிறுமலைக்கு ஏறினார். மலைக்குப் பஸ் கிடைக்கவில்லை, நடந்தே போனார். பேச்சிமுத்து வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "வாண்ணே" என்றான்.

கண்ணுசாமி உட்காரக்கூட இல்லை. "தம்பி, அன்னைக்கு மீன் செத்தது என்னாலதான். மிச்ச மருந்தைத் தொட்டி ஓரத்துல கொட்டிட்டேன். பயத்துல வாயத் திறக்கல."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"காலையில கிணத்தடிக்கு வந்தப்பவே தெரியும். கல்லெல்லாம் மருந்து நெடி."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு உன் மேல திருப்பிவிடுறான்னு ஊர்ல சொல்லுவாங்க." பேச்சிமுத்து ஒரு வாழையிலையைக் கிழித்து அவர் உட்காரப் போட்டான். "நீயாச் சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான்ணே சூடத்தை அம்புட்டு நேரம் எரியவிட்டேன்."