ஒன்பது முறை சரிபார்த்த குழாய்

சோதனைத் தட்டின் குழிகள் மூன்றாம் முறையும் மஞ்சளாக மாறியதும் ஆராய்ச்சிக்காரிக்கு ரத்தம் கொதித்தது. அவள் ஊற்றிய மோனோக்ளோனல் ஆன்டிபாடி பொல்லாதது. ரத்தநீரில் முழுசாக இருக்கும் காம்ப்ளிமென்ட் என்னும் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏறிட்டும் பார்க்காது. உடைந்ததை மட்டும்தான் பிடிக்கும்; பிடித்தால் குழி மஞ்சளாகும். நோய் நொடி இல்லாத ஆளின் ரத்தநீரில் இத்தனை உடைசல் எங்கிருந்து வந்தது? யாரோ ரத்தநீர்க் குழாயில் கைவைக்கிறார்கள்.

யாரென்று யோசிக்கவே வேண்டாம். "ஃப்ரீசர்ல உங்க குழாய் டப்பா எந்த அடுக்குலக்கா இருக்கு?" என்று பக்கத்து மேசைக்காரி இரண்டு வாரத்துக்கு முன் கேட்டது சும்மாவா? அன்றிலிருந்தே இவளுக்கு டப்பாவின் மேல்தான் கண்.

"ஏன்டி, என் டப்பாவைத் தொட்டியா?"

"நான் ஏன்க்கா தொடறேன்? ஃப்ரீசர் கதவுல நோட்டு தொங்குதே. எடுத்தவங்க எழுதியிருப்பாங்க, போய்ப் பாருங்க."

கையும் களவுமாகப் பிடித்துவிடும் வேகத்தில் போனாள். அவள் டப்பாவுக்கு நேரே ஒன்பது பதிவுகள் இருந்தன. ஒன்பதும் அவள் கையெழுத்து. எடுத்த காரணம்: 'அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க.'

பின்னாலேயே வந்தவள் எட்டிப் பார்த்தாள். "உறைஞ்சு கிடக்கிறதுல அளவு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"கையில பொத்தி உருக்கித்தான் பார்த்தேன்."

"ஒன்பது தடவையுமா? உருக்கி உருக்கி மறுபடி உறைய வெச்சா, அந்தப் புரதம் உடையாம என்னக்கா பண்ணும்?"

ஆராய்ச்சிக்காரி குழாயைப் பொத்தி உருக்கிய கையை மெல்லக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.