கம்பி தொட்ட வண்டி

புயல் என்று சொன்னால் அந்தச் செங்கல் சூளையில் தெரியாதவர் கிடையாது. டிப்பர் லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர்தான், ஆனால் பொறுமை என்ற சரக்கு மட்டும் அவரிடம் கைவசம் இல்லை. மற்றவர்கள் நாலு நடை மண் அடிக்கும் நேரத்தில் அவர் ஐந்து நடை அடித்துவிட்டு, ஆறாவதுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் மனைவிக்கு அதே சூளையின் வாசலில், எடைமேடையில் வேலை. வண்டி மண்ணோடு உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாக வெளியே போகும்போது ஒரு எடை. வேலை நேரத்திலும் கட்டினவரை நாளுக்குப் பத்துத் தடவை சன்னல் வழியாகப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அன்று அவளுடைய தம்பியும் அங்கே வந்திருந்தான். அவன் லைன்மேன். சூளைக்குக் குறுக்கே உயர் அழுத்தக் கம்பிகள் போகின்றன. இந்த உயரத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது என்று காட்ட, கம்பிகளுக்கு இருபுறமும் கம்பம் நட்டு, கயிறு இழுத்து, சிவப்புத் துணி தொங்கவிடும் வேலை. ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் நிதானம்.

“என்ன மச்சான், இன்னும் அதே குழியா? தண்ணி வந்துரப் போகுது!” என்று வண்டியிலிருந்தே கத்தினார் புயல்.

“வந்தா உங்களுக்கும் ஒரு குடம் தரேன் மாமா. கம்பி பக்கம் மட்டும் லாரித் தொட்டியைத் தூக்கிட்டு வராதீங்க.”

“பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். நேத்துக் கட்டின கயிறு எனக்குப் பாடம் எடுக்குதா?”

எடைமேடைச் சன்னலிலிருந்து அவள் தலையை நீட்டினாள். “ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க. பின்னாடி வண்டி நிக்குது.”

இவர்கள் எப்போதும் இப்படித்தான். சண்டை என்று சொல்லிவிட முடியாது. இவன் சொல்லி நான் கேட்பதா என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

முந்தின நாள் மழை. மண் ஈரமாகக் களிபோல இருந்தது. புயல் கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் தொட்டியைத் தூக்கினார். பாதி மண் கொட்டியது, மீதி தொட்டியோடு ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில் டிப்பர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொட்டியை இறக்காமலே வண்டியைக் கொஞ்சம் முன்னால் விட்டுச் சட்டென்று பிரேக் போடுவார்கள். குலுங்கலில் மண் விழும். கண் முழுக்கப் பின்பக்கக் கண்ணாடியில் இருக்கும். ஒரு குலுக்கல், இரண்டு குலுக்கல். மூன்றாவதில் வண்டி, இன்னும் கயிறு கட்டாத பக்கமாகக் கம்பிக்கு அடியில் வந்துவிட்டது.

வெடிச் சத்தம். கண்ணைப் பறிக்கிற நீல வெளிச்சம். தொட்டியின் முனை கம்பியில் ஒட்டிக்கொண்டு கொர்ரென்று உறுமியது.

“யாரும் கிட்டப் போகாதீங்க! எல்லாரும் பின்னாடி!” நிதானம் அந்த மாதிரிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஓடிவந்த அக்காவைக் கையை விரித்து மறித்தான். மறு கையில் துணைமின் நிலையத்துக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று உறுமல் நின்றது. கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி சாதுவாகக் கிடந்தது. புயல் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்தார்.

“மாமா, இறங்காதீங்க!”

“அதான் கரண்டு போயிருச்சே! சும்மா பயம் காட்டாத.”

“அக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொல்லு. அது திரும்ப வரும்!”

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. கண்ணும் காதும் கணவர் சொல்வதே சரி என்றன. தம்பியின் முகம் வேறு சொன்னது. பத்துப் பேர் நடுவில் கணவரை நிஜமாகவே அதட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

“என்னங்க! காலை உள்ள எடுங்க! எடுங்கன்னா!”

அந்தக் குரலுக்கே திகைத்துப்போய் அவர் காலை உள்ளே இழுத்தார். அடுத்த நொடி மறுபடியும் வெடித்தது. மரக்கிளை ஏதாவது பட்டு விலகியிருக்கலாம் என்று நினைத்து, நின்ற மின்சாரத்தைத் தானாகவே திரும்ப ஏற்றிப் பார்க்கிற கருவி துணைமின் நிலையத்தில் உண்டு. அது பாவம், உள்ளே ஒரு மனிதர் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? வண்டிக்குள் இருக்கிறவரைக்கும் அவர் கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி. கதவில் கையும் தரையில் காலுமாக இருந்தால், மின்சாரம் மண்ணில் இறங்க அவர் உடம்பே வழியாகியிருக்கும்.

இதற்குள் பின்சக்கரம் புகைந்து தீப்பிடித்தது. நெருப்பு டீசல் தொட்டிப் பக்கம் நாக்கை நீட்டியது. நிறுத்துகிறோம் என்று போனில் சொன்னார்கள். நிறுத்திவிட்டோம் என்று இன்னும் சொல்லவில்லை.

“மாமா, இப்ப குதிச்சே ஆகணும்! வண்டியைத் தொட்டுக்கிட்டே காலைத் தரையில வைக்காதீங்க. ரெண்டு காலும் சேத்துத் தள்ளிக் குதிங்க. ஓடாதீங்க! பாதத்தைத் தூக்காம, ரெண்டும் ஒட்டினபடியே தேச்சுத் தேச்சு வாங்க!”

புயல் மனைவியைப் பார்த்தார். இத்தனை நேரம் இறங்காதே என்றவள் இப்போது தலையசைத்தாள். “அவன் சொல்றபடி செய்யுங்க.”

குதித்தார். இரண்டு பாதமும் ஒன்றாக ஊன்றின. தள்ளாடினார், விழவில்லை. அவள் கால் தன்னால் முன்னே போயிற்று.

“அக்கா!” தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். “குளத்துல கல்லு விழுந்தா வட்டம் வட்டமா போகும்ல? கரண்டும் அந்த மாதிரிதான் மண்ணுல பரவி நிக்குது. கிட்ட இருக்கிற வட்டத்துல பலம் ஜாஸ்தி, தள்ளிப்போகப் போகக் கம்மி. ஒரு காலு ஒரு வட்டத்துல, இன்னொண்ணு வேற வட்டத்துல வச்சா, அந்த வித்தியாசம் உடம்புல ஏறி ஓடும். நீ இப்ப ஓடினா விழுந்துருவ. உன்னைத் தூக்க அவரு ஓடி வருவாரு. அவ்வளவுதான்.”

அவள் நின்றாள். நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

நடக்கிற தூரத்தையே ஓடிக் கடக்கிற மனிதர், முதுகுக்குப் பின்னால் நெருப்பு எரிய, பாதம் பாதமாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். நடை பழகும் குழந்தைகூட அதைவிட வேகமாக வரும். ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பி “போதும் மாமா, இங்க வந்தாச்சு” என்று சொன்ன பிறகுதான் அவள் அவர் கையைப் பிடித்தாள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகப் போன் வந்தது. நிதானம் அதை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. கம்பியைச் சோதித்து, பூமியோடு இணைத்த பிறகே, வந்து சேர்ந்த தீயணைப்பு ஆட்களைத் தண்ணீர் அடிக்கவிட்டான்.

கணவனும் மனைவியும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளை மாதிரி அவர் குறைப்பட்டுக்கொண்டார்: “நீ ஓடி வந்து பிடிச்சுக்குவேன்னு நெனச்சேன்.”

“நூத்தி நாப்பத்தி மூணு.”

“என்னது?”

“நீங்க தேச்சுத் தேச்சு வந்தது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை ஓடி வந்துட்டுத்தாங்க இருந்தேன். காலு மட்டும் இங்க நின்னுச்சு.”

அவர் தலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அவை இன்னும் ஒட்டியேதான் இருந்தன.