மாமி மாற்றி எழுதிய வாக்குமூலம்

மாமிகிட்ட நான் சொன்ன பொய் ஒண்ணே ஒண்ணுதான். சமீர் துபாய்ல வேலை பாக்கான். எங்க இலஞ்சித் தெருவுல வீட்டுக்கு ஒரு ஆம்பளை அங்கன கிடக்கிறதால யாரும் மறுகேள்வி கேக்கலை. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்த உங்க மவன் சண்டை நடக்கிற நாட்டுக்கு மருந்துக் கப்பல்ல போயிருக்கான்னு சொன்னா, நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச பொம்பளை தாங்குமா? புருசனை அவன் இவன்னு சொல்லுதாளேன்னு நினைக்காதிய. மாமா மவன், சின்னதுல இருந்து அடிச்சுப் பிடிச்சு வளந்தது. இப்ப அவன் மேல உள்ள கோவத்துக்கு இதுவே மரியாதைதான்.

பத்து நாளைக்கு முந்தி ராணுவத்துக்காரங்க கப்பலை நடுக்கடல்ல மறிச்சு, போனையும் பாஸ்போர்ட்டையும் பிடுங்கிட்டு, எல்லாரையும் ஒரு முகாம்ல அடைச்சுட்டாங்க. கப்பலை அனுப்பினவங்க போன்ல சொன்னதும், மாமிக்குத் தெரியாம தென்காசி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தேன்.

இன்னைக்கு மூணு மணிக்கு அங்க மனுவைப் பாக்கிற சங்கரேஸ்வரி மேடம் என்னை உக்கார வச்சுச் சொன்னாங்க. “நாளைக்குக் காலையில நம்ம தூதரக அதிகாரி முகாமுக்குப் போறார்மா. இந்தியர்னு உறுதியான ஆளுங்களைத்தான் பாக்க விடுவாங்க. உங்க வீட்டுக்காரர் பேர் லிஸ்ட்ல இல்ல.”

“அதுக்குத்தானே மேடம் மனு குடுத்தேன்.”

அவங்க ஃபைலைத் திருப்பிக் காட்டினாங்க. நேத்து நான் ரேஷன் கடைக்குப் போன நேரம் பாத்து, விசாரிக்க போலீஸ்காரர் வந்திருக்கார். மவன் எங்கன்னு மட்டும் கேட்டதால, பாஸ்போர்ட் விசாரணைன்னு நினைச்சு மாமி என்கிட்ட சொல்லவும் இல்ல. ‘என் மகன் துபாயில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என்னிடம் பேசினான்.’ கீழே மாமி கையெழுத்து. சாட்சி, பக்கத்து வீட்டு நயினார் அண்ணாச்சி. மாமி ஆறு வெள்ளிக்கிழமையா தெரு பூரா சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கார். அதனால கப்பல்ல இருக்கிறது வேற ஆளுன்னு எழுதிட்டாங்க.

போன வெள்ளிக்கிழமை அவன் பேசவே இல்ல. அவன் எப்பவோ வாட்ஸப்புல பேசி அனுப்பின வாய்ஸை, “இப்பத்தான் வந்துச்சு மாமி”ன்னு போட்டுக் காட்டின மகராசி நான்தான்.

“அம்மாவே வந்து மாத்தி எழுதிக் குடுக்கணும். அஞ்சு மணிக்கு நான் மெயில் அனுப்பியாகணும்”னாங்க மேடம்.

சாரல் சீசன். குற்றாலத்துக்குப் போற வேனும் காருமா ரோட்டை அடைச்சு நின்னுச்சு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிற சனத்தைப் பாக்கப் பாக்க எரிச்சலா வந்துச்சு. வீட்டுக்கு வந்து மாமியை ஆட்டோவுல ஏத்தும்போதே மணி நாலே கால்.

வண்டியில வச்சுத்தான் சொன்னேன். கப்பல், முகாம், அந்தப் பழைய வாய்ஸ், எல்லாத்தையும். மாமி என் மூஞ்சியையே பாக்கலை. பையில இருந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில வச்சா. ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லவா, ஆபீஸுக்கு விடச் சொல்லவா?

“நீ என்ன என்னையவே பாக்கே? வண்டியை வெரசா விடச் சொல்லுட்டி”ன்னா.

நாலே முக்காலுக்கு மேடம் முன்னால மாமி பேப்பரை வாங்கித் தானே எழுதினா. ‘என் மகன் துபாயில் இல்லை. கப்பலில் போனவன் என் மகன்தான். நான் தவறாகச் சொல்லிவிட்டேன்.’

“நான் சொன்ன பொய்யின்னு எழுதுங்க மாமி.”

“வீட்டுக்குள்ள நீ சொன்னது அரசாங்கத்துக்கு எதுக்கு?”

அஞ்சுக்கு நாலு நிமிசம் இருக்கையில மெயில் போச்சு. லிஸ்ட்ல புதுசா ஏத்தின சமீர் பேரை மேடம் எனக்குக் காட்டினாங்க.

படியிறங்கும்போது மாமி கேட்டா. “வெள்ளிக்கிழமை அவன் மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டான்லா. போட்டேன்டா, நீ சாப்பிட்டியான்னு நானும் பேசி அனுப்பினேனே. அது போச்சா?”

போனை எடுத்துக் காட்டினேன். ஒத்தை டிக்தான் விழுந்திருந்துச்சு, அவன் போனுக்குப் போய்ச் சேரலை.

மாமி அதைப் பாத்துட்டு, “அப்ப எம்புள்ளை சாப்பிட்டானான்னு தெரியாது”ன்னா.