செதிலில் வந்த பள்ளி ரசீது

ஒரு நர்சரி-பிரைமரி பள்ளியிலிருந்து டிசம்பர் வெள்ளத்தில் ஏரிக்குள் போன ரசீது புத்தகங்களைத் திருநின்றவூர் மீன்கள் தின்றுவிட்டன. பொங்கல் கழிந்து பிடிபட்ட ஜிலேபி மீன்களின் உடம்பில் பிள்ளையின் பெயர், வகுப்பு, தவணை, கட்டணம், காசாளர் கையெழுத்து எல்லாம் நீல மையில் இருந்தன. ஒரு மீனுக்கு ஒரு ரசீது. ஸ்டேஷன் பக்கம் மீன் விற்கும் எல்லம்மா இதற்காக விலையை ஏற்றவில்லை. எழுத்துள்ள மீனும் எழுத்தில்லாத மீனும் கிலோ நூற்றைம்பதுதான்.

பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் இருந்த ரசீதுகளும் அதே வெள்ளத்தில் போயிருந்தன. புத்தகம் இல்லாமல் நகல் தர முடியாது என்று பள்ளி கைவிரித்துவிட்டது. வரிசையில் பால்ராஜும் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்பராகச் சேர்ந்து சூப்பர்வைசரானவர், பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு தரும் பழைய வரி முறையை விடாதவர். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கிருஷ்ணப்பிரியாவின் மூன்று தவணை ரசீதையும் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆபீசில் காட்டாவிட்டால் வரிக்கழிவு கிடைக்காது. மொத்த வரியையும் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அப்புறம் நாலாம் வகுப்புக்குக் கட்டப் பணமிருக்காது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதுதான்.

முதல் தவணை ரசீது வரிசையில் நின்ற மூன்றாம் நாள் கிடைத்தது, இரண்டாவது அதற்கடுத்த ஞாயிறு. ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் கவர் விரித்து முகம் சுளிக்காமல் நகல் எடுத்தார். ஆபீசில் எச்.ஆர். வர்ஷா அசல்களை மோந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். பிறகு அவற்றை மனைவி பத்மா குழம்பு வைத்தாள். ருசியில் குறையில்லை.

மூன்றாவது முப்பதாம் தேதி காலையில் வலையில் விழுந்தது. பால்ராஜ் பர்ஸை எடுப்பதற்குள் எல்லம்மாவின் கை இருபது வருடப் பழக்கத்தில் மீனைச் சாம்பலில் புரட்டிச் செதிலை வழித்துவிட்டது.

"அய்யய்யோ, கைப்பழக்கத்துல சீவிட்டேனே நைனா! இன்னா பண்ணுவ இப்போ?"

பால்ராஜுக்குத் திட்ட மனம் வரவில்லை. இருவரும் குனிந்து ஒவ்வொரு செதிலாகப் பொறுக்கி டிபன் டப்பாவில் போட்டார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. காசாளரின் ஆங்கிலக் கிறுக்கல் அவருக்குப் பிடிபடவில்லை, பத்மாவுக்கும் அப்படியே. கிருஷ்ணப்பிரியா வீட்டுப்பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு எவர்சில்வர் தட்டில் அடுக்க உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ரசீது முழுதாகிவிட்டது.

மறுநாள் மகளுக்கு லீவு போட்டு, மூவரும் தட்டோடு ரயிலேறினார்கள். செதில் பறக்கக் கூடாதென்று பெட்டியில் இருந்தவர்கள் ஃபேனை நிறுத்தி, அம்பத்தூர் வரை வியர்த்துக்கொண்டே வந்தார்கள்.

வர்ஷா தட்டை நெடுநேரம் பார்த்தாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதை எப்படி வேணா அடுக்கியிருக்கலாமே?" என்றவள், எல்லாச் செதிலையும் விரலால் கலைத்து ஒரு குவியலாக்கிவிட்டாள்.

பத்மா "அடிப்பாவி" என்று முனகினாள். கிருஷ்ணப்பிரியா மட்டும் பதறாமல் நாற்காலியில் மண்டி போட்டுத் திரும்ப அடுக்கினாள். பதினோரு நிமிடம் ஆயிற்று. முடித்ததும் பள்ளியின் பெயரில் ஆரம்பித்து, எழுத்தில் எழுதியிருந்த தொகை வரைக்கும் ஆங்கிலத்தில் கணீரென்று படித்தாள். பக்கத்து மேசைகளில் கீபோர்டு சத்தம் நின்றுபோனது. தான் கட்டிய காசு எங்கே போனதென்று பால்ராஜ் அன்றுதான் கண்ணால் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"போதும் சார். படிச்சதுக்கு இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்று வர்ஷா சீல் குத்தினாள்.

மார்ச் சம்பளம் வரிப் பிடித்தமில்லாமல் வந்தது. ஏப்ரலில் நாலாம் வகுப்புக்குக் கட்டணம் கட்டிய பால்ராஜ், புது ரசீதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளத்துக்கும் பத்திரமாக இருக்கட்டுமென்று அசலை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார். ஒரு ஜிலேபி மேலே வந்து அதைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. எட்டு இருபது வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவர் ஸ்டேஷனுக்கு நடந்தார்.