ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு தேர்வு

'பீப்' என்று லேப்டாப் அலறியது. கறுப்புத் திரையில் ஒரு சிவப்புக் கட்டம். செக்யூர் பூட் அனுமதிக்கவில்லையாம்.

"இன்னா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான் பாண்டியன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அவன் பொறுப்பு.

"நீ தம்மைப் பாரு. போன வாரம் மாதிரி அடிபிடிக்கப் போவுது" என்றாள் அவன் மனைவி மோகனா.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவள் பேட்டர்ன் டிசைனர். சென்னைப் பக்கம் புதிதாகத் தொடங்கும் இன்னொரு ஷூ கம்பெனிக்கு, ஆபீசுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தாள். எல்லா வேலைக்கும் பொதுவான முதல் தேர்வு இன்று பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே. யாரும் காப்பியடிக்காமலிருக்க ஒரு பென்டிரைவ் அனுப்பியிருந்தார்கள். விண்டோஸை விட்டுவிட்டு, அதிலுள்ள லினக்ஸில்தான் லேப்டாப்பைத் தொடங்க வேண்டும். அவளிடம் இருந்ததோ ஆபீஸ் லேப்டாப். முன்பின் தெரியாத பென்டிரைவை அதிலிருந்த செக்யூர் பூட் என்ற காவல் உள்ளே விடவில்லை.

போனில் தேடினாள். செட்டிங்கில் செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தாள். அவசரத்தில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டாள். லேப்டாப் நேராக விண்டோஸுக்குப் போய், நீலத் திரையில் நின்றுகொண்டு ரெகவரி கீ கேட்டது.

அந்த நீள எண் ஆபீசில்தான் இருக்கும். ஜெர்மனி பார்ட்டிக்கு நாளை காட்ட வேண்டிய பேட்டர்ன்கள் அத்தனையும் உள்ளே. புது வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இருக்கிற வேலை போய்விடும். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பரணிதரனுக்குப் போன் போட்டாள்.

"பரணி, லேப்டாப் தானா என்னமோ கீ கேக்குதுப்பா."

"தானா கேக்காது மேடம். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா... ஒரு பென்டிரைவ் போட்டுப் பாக்கலாம்னு."

"பேஜார் ஆவாதீங்க. பேட்டர்ன் எங்கேயும் போவல. அதே இடத்துல திரும்ப ஆன் பண்ணுங்க."

செய்தாள். விண்டோஸ் எதுவும் கேட்காமல் வழக்கம்போலத் திறந்தது. பேட்டர்ன்கள் அப்படியே இருந்தன.

"இப்ப கேளுங்க. மறுபடி ஆஃப் பண்ணிட்டு, ஸ்டார்ட் ஆவுறப்போ எஃப் பன்னெண்டை அமுக்கி பென்டிரைவை செலக்ட் பண்ணுங்க. விண்டோஸ் பக்கமே போவாதீங்க. எழுதி முடிச்சதும் மறக்காம ஆன் பண்ணிடுங்க."

எழுதி முடித்ததுமா? தேர்வு என்று அவள் சொல்லவே இல்லையே.

"பரணி... இதை மேனேஜர்கிட்ட சொல்லிட மாட்டியே?"

"நான் எங்க மேடம் சொல்றது? ஆபீஸ் லேப்டாப்ல எழுதினா மாட்டிப்போம்னு நானே மச்சான் லேப்டாப்பை வாங்கி வச்சிக்கினு உக்காந்திருக்கேன்."