கைக்கு அடங்கும் கம்பம்

மரக்கம்பம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கொல்லைப்புறத்தில் மல்லாந்து கிடந்த வேலியை அவருக்குக் காட்டி, "பலகையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கம்பம் மட்டும் மண்ணுக்குள்ள உளுத்துப் போச்சு. ஒரு காத்துக்குத் தாங்கலை" என்றேன்.

"இது நான் போட்டது இல்லம்மா."

"யார் போட்டா என்ன? இந்தத் தடவை பலகை மட்டும் மரம், கம்பம் இரும்பு. யானை வந்து முட்டினாலும் நிக்கணும்."

தச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் தெருவில் யானை எதுவும் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தார்.

ஒரு வேலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். அந்த விசிலை அவள் ஊதியதே அபூர்வம். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவன் வரிசையை விட்டு நகர்ந்தால், இந்தக் கோடியிலிருந்து ஓர் அதட்டல் போகும். அவன் காலில் ஆணி அடித்தமாதிரி நின்றுவிடுவான். அப்படிப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்தது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் பூசி மெழுகாமல் சொன்னாள். "இந்த மாசங்கள்ல நடந்தாதான் உண்டு. இப்ப உக்காந்துட்டா, அப்புறம் என்ன முயற்சி பண்ணாலும் கஷ்டம்." அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. பள்ளிக்கூடத்துக்கு அதுதான் குறுக்கு வழி. அவள் பிள்ளைகள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். வேலி இருந்தவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வேலி விழுந்த அன்று காலையில் இரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு, வாய் கோணி, மூச்சு வாங்க நின்றிருந்தாளாம். அவர்கள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்கள். சிரித்திருந்தாலாவது அதட்டியிருப்பாள். அந்தத் தலைகுனிவுதான் அவளை அடித்துப் போட்டது. உள்ளே வந்து கொல்லைக் கதவைத் தாழிட்டவள் அப்புறம் வெளியே போகவே இல்லை. வாசல் பக்கம் நடக்கலாம் என்று கூப்பிட்டேன். "என்னை என்ன கண்காட்சியில வைக்கப் போறியா?" என்றாள்.

அதனால்தான் இரும்பு. ஒவ்வொரு நாளும் அந்தக் காலிலிருந்து எதையோ திருடிக்கொண்டு போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

இரும்புக்கடையில் எல்லாவற்றையும் இறக்கிக் காட்டச் சொன்னேன். உருண்டைக் குழாய், சதுரக் குழாய், தகட்டை மடித்துச் செய்த பட்டைக் கம்பம். கடைக்காரர் அந்தப் பட்டைக் கம்பத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். "இதை ரெண்டு பலகைக்கு நடுவுல ஒளிச்சுடலாம் மேடம். ரெண்டு பக்கமும் மரம் மட்டும்தான் தெரியும். இரும்பு இருக்கிறதே யாருக்கும் தெரியாது." துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியது, வளைக்கவே முடியாது. எனக்குப் பிடித்துப்போயிற்று. மாதிரிக்கு ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வெற்றிவீராங்கனை மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அதை இடது கையால் தொட்டாள். விரல்கள் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயின. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாய் மாதிரி கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்தா, நல்லாத்தான் இருக்காம்! அந்த 'தான்' எதுக்கு?"

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய வேலியைப் பிரித்துக்கொண்டிருந்த தச்சர் என்னைக் கூப்பிட்டார். "இது எதுக்கும்மா? எலி ஏறாம இருக்கவா?" என்றார். விழுந்து கிடந்த கம்பங்களில், எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்த இடத்தில், இடுப்பு உயரத்துக்குச் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. ஒன்றில் மட்டுமில்லை, எல்லாவற்றிலும். சுற்று கோணல்மாணலாக இருந்தது. ஒரு கையால் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டமாதிரி இருந்தது. டியூப் பல இடங்களில் தேய்ந்து வழவழத்திருந்தது.

நான் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் அவள் நடப்பாள். கைத்தடியை ஊன்றி நடக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கம்பத்தைப் பிடித்துப் பார்த்தேன். மெலிசான கம்பம், என் கைக்குள் அடங்கியது. சட்டென்று விட மனம் வரவில்லை. ஆனால் உள்ளே போகும்போது கோபமாகத்தான் போனேன்.

"கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டா நடந்த?"

"இடது கை எதையாவது இறுக்கிப் பிடிச்சாதான் இடது கால் எழுந்திருக்குது. பிடி இல்லன்னா அது பாட்டுக்குத் தூங்குது."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ எங்கடி பேச விட்ட? யானைக்கு வேலி கட்டிட்டு இருந்த" என்றாள் அக்கா. "நீ ஆசையா வாங்கிட்டு வந்துட்ட. எனக்குப் பிடி வேணும்னு கேக்கவும் வெக்கமா இருந்துச்சு."

"எழுந்திரு. கடைக்குப் போறோம்."

"நான் வரலை."

"நீ வராம உன் கையை மட்டும் எடுத்துட்டுப் போக முடியுமா? எழுந்திரு."

வண்டியில் ஏற்றி, இறக்கி, கடை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். கடைக்காரர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் எதிரே நிறுத்தினார். அக்கா தன் இடது கையை வலது கையால் தூக்கி ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். விரல்கள் மெல்ல மடங்குவதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சதுரக் குழாயின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. தடித்த உருண்டைக் குழாயில் விரல்கள் பாதியிலேயே நின்றன. அதைவிட ஒல்லியான ஒன்றில் கட்டைவிரல் சுற்றி வந்து மற்ற விரலைத் தொட்டது. அக்கா விடவே இல்லை.

"வளையல் வாங்க வந்தவங்க மாதிரி பாக்குறீங்களே மேடம்" என்று சிரித்தார் கடைக்காரர். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா இது வேணாம். உங்க வேலி ஆளுயரத்துக்கு மேல. காத்து பலகையில அடிக்கிற அடி பூரா கம்பத்துலதான் இறங்கும். இந்த ஒல்லிக் குழாய் வளைஞ்சுடும். அந்தத் தடிச்சதுதான் சரி."

தடித்தது கைக்கு அடங்காது. கைக்கு அடங்குவது காற்றுக்கு நிற்காது. நான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா என்று யோசித்தேன். காற்றுக்கு அவர் என்ன செய்வார் பாவம்.

அக்காதான் கேட்டாள். "கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு இடம் விடுவீங்க?"

"மூணு எட்டு வைக்கிற தூரம் விடலாம்."

"நெருக்கி நட்டா?"

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "நெருக்கி நட்டா காத்தோட அடி பங்கு பிரிஞ்சுடும். இதே பருமன்ல உள்சுவர் கனமான குழாய் இருக்கு. அதை ஆழமா இறக்கிக் கான்கிரீட் போட்டா நிக்கும். ஆனா நிறைய கம்பம் வேணும், நிறைய குழி தோண்டணும்."

"நெருக்கியே நடுங்க" என்றாள் அக்கா. "என் எட்டும் இப்ப சின்னதுதான்."

நான் குழாய் அடுக்கைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தச்சர் குழிக் கணக்கைக் கேட்டதும் முறைத்தார். "இது வேலியா, சிறைச்சாலையா?" என்றார்.

"கம்பி எண்ணப் போறது நான்தானே, உங்களுக்கு என்ன?" என்றாள் அக்கா. அவள் ஜோக்கடித்து எத்தனை காலம் ஆயிற்று!

கம்பம் சந்துப் பக்கம் இருந்தால்தான் வீட்டுப் பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார் தச்சர். லட்சணம் சந்துக்கே போகட்டும், கம்பம் எங்கள் பக்கம்தான் என்றேன். அக்கா பள்ளிக்கூடம் போய்வந்த, கோடியில் இருந்த பழைய கேட்டை எடுத்துவிட்டு அங்கேயும் பலகை அடித்துவிடலாம் என்றும் சொன்னேன். சந்துக்குப் போகத்தான் இனி யாரும் இல்லையே என்று நினைத்தேன். அக்கா சட்டென்று, "கேட்டு இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கான்கிரீட் இறுகியதும் தச்சர் பலகைகளை அடித்தார். ஈரம் ஏறாமல் இருக்கத் தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டார். நான் ஒவ்வொரு கம்பத்தையும் முழுப் பலத்தோடு ஆட்டிப் பார்த்தேன். ஆடியது நான்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். பள்ளிக்கூட நேரம்தான். அக்கா கொல்லைக் கதவைத் திறந்து, முதல் கம்பத்தைப் பிடித்தாள். இடது கால் எழுந்தது. அடுத்த கம்பம். முகம் வேர்த்தது. அடுத்தது.

அப்போது சந்தில் யாரோ வேலிப்பலகைகள் மேல் குச்சியை வைத்து, தடதடவென்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"எவன்டா அது? வேலியா, மேளமா?"

மைதானத்தின் கோடிவரை கேட்கும் அதே குரல். அக்காவே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குச்சி நின்றது. பலகைக்குக் கீழே இரண்டு ஜோடி ஷூக்கள், ஆணி அடித்தமாதிரி.

"டீச்சர்?" என்றது ஒரு குரல். "விசில் டீச்சரா?" கொஞ்சம் கழித்து, "டீச்சர், எப்ப வருவீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் இனி அவளை வெளியே இழுத்துவர என்னால் முடியாது. அவள் கோடியில் இருந்த கேட்டைப் பார்த்தாள். பிடியை மாற்றிக்கொண்டாள்.

"வந்துட்டுதான்டா இருக்கேன். கேட்டு வரைக்கும் வரிசையா நடங்க. ஓடக் கூடாது."

அவள் அடுத்த கம்பத்தைப் பிடித்துக் காலை எடுத்து வைத்தாள். பலகைக்குக் கீழே அந்த ஷூக்கள் ஓர் எட்டு நகர்ந்தன. அவள் மூச்சு வாங்க நின்றபோது அவையும் நின்றன. கம்பம் கம்பமாக அவள் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவை அவள் வேகத்திலேயே கூடவே வந்தன.

கேட்டுக்கு வந்ததும் அக்கா கடைசிக் கம்பத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். இழுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னடி பாத்துட்டு நிக்கிற?" என்றாள். "பிள்ளைங்களுக்கு நேரமாகுது. திற."